அபிக்கு: ஜீப்பின் தரையை மாற்றிவிட்டோம்

அன்புள்ள அபி,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். ஊரே தூங்கும் வேளையில் அம்மாவிடமிருந்து கடிதம் என்றால் உனக்கு நெஞ்சு திக்கென்று ஆகும். யாருக்கும் ஒன்றும் இல்லை. அப்பா நன்றாகக் குறட்டை விடுகிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அதுவும் வழக்கம்போல் கவலையால் அல்ல, சந்தோஷத்தால். இந்த வித்தியாசம் எனக்கே புதிதாக இருப்பதால் படுக்கையில் புரள்வதைவிட உனக்கு எழுதிவிடலாம் என்று எழுந்துவிட்டேன். எஸ்டேட் ஆபீஸ் பக்கம் வந்தால்தான் உனக்கு டவர் கிடைக்கும் என்று தெரியும். வரும்போது மொத்தமாகப் படி. டீ வாங்கி வைத்துக்கொண்டு படி, கொஞ்சம் நீளம்.

போன வாரம் நீ அப்பாவிடம் பேசினாயே, அப்போது அவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். உனக்குத் தெரியாது. உங்கள் ஆராய்ச்சி முகாமின் ஜீப் படுத்துவிட்டது, மழை ஆரம்பிப்பதற்குள் நம் ஜீப் வேண்டும் என்றாய். அப்பா உடனே சரி என்றார். "அந்தக் கார்ப்பெட்டப் பிடுங்கிப் போட்டுட்டு, கழுவற மாதிரி ஏதாவது தரை போட்டு லாரில ஏத்தி அனுப்புப்பா. இங்க பூராச் சேறும் அட்டையும்தான்" என்றாய். அதுவரை நான் மிக்ஸியை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் சொன்னாய்: "அம்மா நானே ஓட்டிண்டு வரேன்னு கிளம்புவா. விட்டுடாதே." அந்தக் கடைசி வாக்கியத்தை நீ திரும்பப் பெற வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆமாம், நானே ஓட்டிக்கொண்டு வால்பாறைக்கு வர ஆசைப்படுகிறேன். முதலிலேயே சொல்லிவிட்டேன், பார். இனி காரணம் சொல்கிறேன். அதற்கு ஜீப்பின் தரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த ஜீப்பை அப்பா எதற்கு வாங்கினார் என்று உனக்கு நினைவிருக்கும். நாம் அசோக் நகரில் இருந்தபோது மழைத் தண்ணீரில் நம் சின்னக் கார் மூழ்கி எஞ்சினே போய்விட்டதல்லவா, அதன் பிறகு இந்த மனிதர் உயரமான வண்டிதான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடித்தார். நாலு சக்கரமும் இழுக்கும், பாறை ஏறும், ஆற்றைக் கடக்கும் என்று கடைக்காரன் சொன்னதையெல்லாம் நம்மிடம் ஒப்பித்தார். மலை ஏறுவதற்கென்று செய்த அந்த வண்டி அப்புறம் எங்கே போயிற்று? பாண்டி பஜாருக்குப் புடவை எடுக்கப் போயிற்று. கோபாலபுரத்தில் அப்பா கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. மயிலாப்பூர் மாடவீதியில் கீரைக்காரியை உரசாமல் திரும்பியதுதான் அது செய்த அதிகபட்ச சாகசம். அதில் ஏறுவதற்கு முன் நீயும் நானும் செருப்பைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். "கார்ப்பெட் அழுக்காயிடும்" என்பார். உன் சிநேகிதிகள் ஏறும்போது நீ வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்வாய். கம்பெனியிலிருந்து வரும்போது கார்ப்பெட்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவர் எடுக்கவில்லை. நம் வீட்டில் யார்தான் எடுப்போம்? டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை, சோபாவுக்கு மேல் துண்டு, துண்டுக்கு மேல் இன்னொரு துண்டு. பிளாஸ்டிக்கின் மேல் பழைய செய்தித்தாள் விரித்தது நான். அதன் மேல் கயிற்று மிதியடி போட்டது அப்பா. பத்திரத்தில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பார்க்கிங்கில் நின்றுகொண்டு நாங்கள் இரண்டு பேரும் அதையெல்லாம் உரித்தோம். மிதியடி வந்தது. செய்தித்தாள் வரவில்லை, கூழாகி ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக்கைத் தூக்கியதும் ஒரு வாசனை அடித்தது பார், இத்தனை வருஷமாக நான் தெருச் சாக்கடையின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்த அதே வாசனை! ஏசியிலிருந்து வெளியே சொட்ட வேண்டிய தண்ணீர், குழாய் அடைத்துக்கொண்டதால் உள்ளேயே இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியிலிருக்கும் கம்பளிப் பஞ்சில் ஊறிக் கிடந்திருக்கிறது. மேலே நாம் பிளாஸ்டிக் போட்டு மூடிவிட்டோம், அது காய வழியே இல்லை. ஒரு மூலையில் வெள்ளையாகக் குடை விரித்துக் காளான் நின்றது. சத்தியமாக! நீ காட்டுக்குப் போய்த்தான் ஆராய்ச்சி செய்கிறாய், இங்கே நம் ஜீப்புக்குள்ளேயே ஒரு காடு உன்னைக் கேட்காமல் வளர்ந்திருக்கிறது. உனக்குப் போட்டோ எடுப்பதற்குள் அப்பா அதை "சீச்சீ" என்று குப்பையில் போட்டுவிட்டார்.

கார்ப்பெட்டை முழுசாக உருவியதும் அடித்தகட்டைப் பார்த்தேன். டிரைவர் பக்கம் பரவாயில்லை, மேலாகத் துரு. அதற்குப் பக்கத்து சீட்டில் கால் வைக்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாகப் பார்க்கிங்கின் சிமெண்டுத் தரை தெரிந்தது. அது நான் உட்காரும் இடம் அல்லவா? அப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது துரு இல்லடி. வருஷக்கணக்கா அந்தப் பக்கம் உக்காந்துண்டு நீ இல்லாத பிரேக்கை மிதிச்சே பாரு, அதுல வந்த ஓட்டை" என்றார். கோபம் வந்திருக்க வேண்டும். அடக்க முடியாமல் சிரிப்புதான் வந்தது. கறுப்புக் கையோடு இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்த ஜீப்பில் ஒரே ஒரு தடவை மலை ஏறப் பார்த்து ஏற்காடு போனபோது முதல் கொண்டை ஊசி வளைவிலேயே நான் கத்த ஆரம்பித்து, மூன்றாவது வளைவில் அப்பா வண்டியைத் திருப்பிவிட்டார். கழுத்தில் பைனாகுலரோடு பின்சீட்டில் இருந்த நீ வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே அம்மாவை விடாதே என்று நீ சொன்னதற்கு உன் பக்கம் நியாயம் இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று யோசித்துப் பார். நான் கத்தியதெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தபோது. ஸ்டியரிங் என் கையில் இருந்தபோது எப்போதாவது கத்தியிருக்கிறேனா?

ஒர்க்‌ஷாப்பில் துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, பிரைமர் அடித்து, மேலே துருப்பிடிக்காத கறுப்புப் பூச்சு அடித்துக் கொடுத்தார்கள். கல்லூரியில் நான் படித்த கெமிஸ்ட்ரி எதற்காவது உதவியதென்றால் இதற்குத்தான். இரும்பு, ஈரம், காற்று என்று அப்பாவுக்கு வகுப்பே எடுத்தேன். "எக்ஸாம் உண்டா?" என்று கேட்டார். ஏசிக் குழாயின் அடைப்பையும் எடுத்தாகிவிட்டது. அப்புறம் தரை வாங்க ஜி.பி. ரோடு போனோம். அந்தத் தெருவில் வண்டிக்கு நகை போடுகிற கடைகள்தான் வரிசையாக இருக்கும், தெரியுமே. கடைக்காரர் வைரம் வைரமாகத் தையல் போட்ட மெத்தை ஒன்றை எடுத்துப் போட்டார்.

"மேடம், காலை வெச்சுப் பாருங்க. சோபா தோத்துரும்."

"இதுமேல சேறு கொட்டினா?"

"சேறா?" அவர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "வண்டி எங்க மேடம் ஓடுது? மயிலாப்பூர், அடையார்தானே?"

"இனிமே வால்பாறைல, காட்டுப் பாதைல ஓடும்."

"ஓ... சார் ஓட்டுவாரா?"

"நான்" என்றேன்.

அபி, அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது. அப்பா சட்டென்று கடையின் ஃபேனை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். கடைக்காரர் மெத்தையைச் சுருட்டிவிட்டு உள்ளே போய்ப் பாய்போல் உருட்டி வைத்திருந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கனமான வினைல், அடியில் ரப்பர், மேலே சொரசொரவென்று புள்ளி புள்ளியாக. என் பாட்டிலில் இருந்த தண்ணீரை அதன் மேல் ஊற்றினேன். முத்து முத்தாக ஓடியதே தவிர ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. சாவியால் கீறிப் பார்த்தேன். குதிகாலால் தேய்த்துப் பார்த்தேன். "மேடம், வாங்கப் போறீங்களா, சண்டை போடப் போறீங்களா?" என்று கேட்டார். வாங்கப் போகிறேன் என்றேன்.

வெறுமனே அதை விரித்தால் போதாது. கார்ப்பெட் இல்லாத வண்டி தகர டப்பா மாதிரி அதிரும், எஞ்சின் சூடு காலுக்கு வரும். அதனால் கடை ஆட்கள் முதலில் தண்ணீர் உறிஞ்சாத நுரை ஷீட்டை அடித்தகட்டோடு ஒட்டினார்கள். அதன் மேல் வினைல். கியர் தண்டுக்கும் சீட் போல்ட்டுகளுக்கும் அளவெடுத்து வெட்டி, ஓரங்களைச் சுவர் மாதிரி கொஞ்சம் மேலே ஏற்றி, கதவடியில் பட்டை வைத்து இறுக்கினார்கள். நான் கேட்டுக்கொண்டபடி, தகட்டில் ஏற்கெனவே இருக்கும் வடிகால் துளைகளுக்கு நேராக வினைலிலும் துளை போட்டு ரப்பர் மூடி வைத்தார்கள். மூடியைக் கழற்றிவிட்டு ஹோஸால் அடித்தால் தண்ணீர் கீழே போய்விடும். இதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஏற்பட்ட உற்சாகம் இருக்கிறதே, உன் அரங்கேற்றத்துக்குப் புடவை எடுத்தபோதுகூட இல்லை. நீ நடனத்தைப் பாதியில் விட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சும்மா சொன்னேன்.

இதிலிருந்து ஒரு தத்துவம் வரப் போகிறது என்று நீ முணுமுணுப்பது கேட்கிறது. வரத்தான் போகிறது, அம்மாவுக்கு அந்த உரிமைகூட இல்லையா? ஒன்றுதான் சொல்வேன். பத்திரம் பண்ணுகிறேன் என்று மேலே மேலே மூடிவிட்டு, அடியில் என்ன ஆகிறது என்று பார்க்காமல் இருந்துவிடாதே. வண்டிக்கும் சொல்கிறேன், உன் உடம்புக்கும் சொல்கிறேன். பூட்ஸுக்குள் ஈரத்தோடு நாள் முழுக்க அலைகிறாய் என்று உன் போட்டோவிலேயே தெரிகிறது. காலைக் காயவை. மழை ஓய்ந்ததும் ஒருநாள் சீட்டடியில் வினைலைக் கொஞ்சம் தூக்கிப் பார், உள்ளே ஈரம் இருந்தால் காயவிட்டு மூடு. முக்கியமாக ஒன்று, அந்தத் தரைக்கு மேல் பிரியத்தோடு யாராவது தனி மிதியடி கொடுத்தால் வாங்காதே. அது நகர்ந்து பிரேக்குக்கு அடியில் போய் உட்காரும். சாமானை எல்லாம் கட்டி வை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மீனால் தெரியும்.

இன்றைக்கு விடிந்ததும் நான் மட்டும் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்பா பீச்சுக்கு வாக்கிங் போயிருந்தார். சாந்தோம் பக்கம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது சாலையோரம் ஒரு ஆட்டோ டயர் வெடித்து நின்றது. பக்கத்தில் இரண்டு பெரிய பிளாஸ்டிக் டப்புகளோடு ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவர், பேர் கஸ்தூரி என்று அப்புறம் தெரிந்தது. காசிமேட்டிலிருந்து சரக்கு எடுத்து வருகிற வழி. டப்பிலிருந்து ஐஸ் உருகிச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். பார்த்ததுதான் தாமதம்.

"இன்னாம்மா பாத்துக்கினே போற? வண்டி வூடு மாதிரி கீது. ரெண்டு டப்பு ஏத்திக்கினா கொறஞ்சா பூடுவ?"

நான் நிறுத்திப் பின்கதவைத் திறந்தேன். இப்போது அவர்தான் திகைத்தார்.

"அய்ய, சும்மா சொன்னேன்மா. உன்னிய பாத்தா சைவம் மாதிரி கீற. வண்டி நாறிப் பூடும்."

"கழுவிக்கலாம், ஏத்துங்கோ."

ஆட்டோக்காரரும் அவருமாக டப்புகளைத் தூக்கிப் பின்னால் வைத்தார்கள். கஸ்தூரி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். தன் வீட்டுக் குழம்புக்கென்று எடுத்து வைத்த மீன் ஒரு பையில் அவர் காலடியில் இருந்தது. கார்ப்பெட் காலத்தில் நான் ஒரு பூக்காரியைக்கூட ஏற்றியிருக்க மாட்டேன் அபி. பின்னால் ஐஸ் தண்ணீர் சலக் சலக்கென்று ஆடுவது கேட்டது, எனக்கு ஒரு பதற்றமும் இல்லை. ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. பை சாய்ந்தது. ஒரு மீன் வழுக்கிக்கொண்டு வந்தது. கார்ப்பெட்டாக இருந்தால் பிடித்து நிறுத்தியிருக்கும். என் புதுத் தரையில் அது ஸ்கேட்டிங் போவதுபோல் நேராக என் பக்கம் வந்து பிரேக் பெடலுக்கு அடியில் நுழைந்துகொண்டது. முன்னால் ஒரு பஸ்.

"அக்கா, குனியாத! ரோட்டப் பாரு!" என்று கத்தினார் கஸ்தூரி.

நான் குனியவில்லை. கத்தவுமில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், கியரைக் குறைத்தேன், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, இண்டிகேட்டர் போட்டு வண்டியை ஓரம் கட்டினேன். பஸ் போய்விட்டது. மீன் என் செருப்பைப் பார்த்தபடி கிடந்தது. அதன் வாலைப் பிடித்து நானே எடுத்துக் கஸ்தூரியிடம் கொடுத்தேன். ஜில்லென்று இருந்தது.

"பயமே இல்லியா உனுக்கு?" என்றார்.

"வீட்டுல எல்லாரும் என்னைத்தான் பயந்தாங்கொள்ளின்னு சொல்லுவா."

"யாரு சொன்னது? இட்டாந்து காட்டு, நான் பேசிக்கிறேன்" என்று அவர் சொன்னதும் நான் உன்னை நினைத்துக்கொண்டு சிரித்தேன்.

அவரைக் கடைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றார். பின்கதவைத் திறந்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னடி இது? காலங்கார்த்தால கடலுக்குள்ள போயிட்டு வந்தியா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். பிரேக் விஷயத்தைச் சொல்லாமல் விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பிறகு அதையும் சொன்னேன். அவர் போய் ஹோஸை எடுத்து வந்தார். ரப்பர் மூடிகளைக் கழற்றி, சோப்புத் தூள் போட்டு இரண்டு பேரும் கழுவினோம். செதிலும் நுரையுமாகத் தண்ணீர் துளை வழியே கீழே போனது. துடைத்த கையோடு வாசனையும் போய்விட்டது. அப்புறம் அந்த மனிதர் மணலும் ஈரமுமாக இருந்த செருப்பைக் கழற்றாமல் அப்படியே ஏறி உட்கார்ந்தார். "நீயே ஓட்டிண்டு போயேன், அபிகிட்ட நான் சொல்றேன்" என்றார். "ஆனா நான் பின்சீட்டுலதான் உக்காருவேன். முன்னாடி உக்காந்தா நான் பிரேக்கை மிதிக்க ஆரம்பிச்சுடுவேன்."

வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். இது நீயும் நானும் பேச வேண்டியது. உனக்கும் எனக்கும் வயது வித்தியாசமே அதிகமில்லை. கல்லூரி முடித்த சூட்டோடு கல்யாணம், அடுத்த வருஷம் நீ. உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதே யாரோ என்னிடம் 'தங்கச்சியா?' என்று கேட்டார்கள். உன்னோடுதான் நானும் வளர்ந்தேன், அதனால்தான் நீ எங்கே போனாலும் கூடவே என் பயமும் வந்துகொண்டிருந்தது. நீ அந்த வேலைக்குக் கிளம்பிய அன்று ஸ்டேஷனில் நான் அழுத அழுகையைப் பார்த்து, அம்மா வந்தால் மறுபடியும் அழுது, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று நீ நினைத்திருக்கலாம். அதற்காக நான் வரவில்லை கண்ணா. பொள்ளாச்சியில் ஒரு ராத்திரி தங்கி, காலை வெளிச்சத்தில் மலை ஏறுவேன். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பேன், கீழே இறங்கும் பஸ்ஸுக்கு வழி விடுவேன். நீ வேலை செய்யும் இடத்தையும், நீ சொல்லும் அந்தப் பெரிய மூக்குப் பறவையையும் பார்க்க வேண்டும். நீ ஓட்ட, நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து ஒரு தடவை காட்டுக்குள் போய்வர வேண்டும். அப்புறம் சாவியை உன் கையில் கொடுத்துவிட்டு அப்பாவும் நானும் பஸ் ஏறிவிடுவோம்.

உனக்கு இஷ்டமில்லை என்றால் வேண்டாம் என்றே எழுது, வருத்தப்படுவேன், ஆனால் லாரியில் அனுப்பிவிடுவேன். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லி லாரிக்காரர் அப்பாவைக் கேட்டிருக்கிறார். அதனால் டவர் கிடைத்த இடத்திலேயே நின்று, வா என்றோ வேண்டாம் என்றோ ஒரு வரி போடு. சீக்கிரம் பதில் எழுது, அபி.

உன் அம்மா